பலகையைத் தாங்கியது எது

ஜனவரி 8

அன்புடையீர்,

நலம். தங்கள் நலமறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம். எழுதிவிட்டேன்.

போனில் பேசினால் மூன்றாவது நிமிடமே நம் இருவருக்கும் குரல் உயர்ந்துவிடுகிறது, அதனால் கடிதம்தான் என்று நீங்கள் வெளியூர் வேலைக்குக் கிளம்பும்போது முடிவு செய்தோம். கடிதத்தில் ஒரு வசதி உண்டு. கோபம் வந்தால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி எழுதலாம். இது மூன்றாவது தாள்.

விஷயம் கல்லூரி சம்பந்தப்பட்டது. போன வருஷம் மணிக்கட்டில் மாவுக்கட்டோடு ஆறு வாரம் கரும்பலகையில் எழுத முடியாமல் நின்றேனே, அப்போது வேறு வழியில்லாமல் பிள்ளைகள் கையில் கயிற்றையும் ஸ்பிரிங் தராசையும் கொடுத்து மெக்கானிக்ஸ் வகுப்பை ஓட்டினேன். கட்டு அவிழ்த்த பிறகும் அந்தப் பழக்கத்தை நான் விடவில்லை. புத்தகக் கணக்கை மடமடவென்று போடுகிற பிள்ளைக்கு, தான் உட்கார்ந்திருக்கும் நாற்காலியின் கால் தரையை அழுத்துகிறதா, தரை காலை அழுத்துகிறதா என்று கேட்டால் திருதிருவென்று முழிக்கத்தான் தெரிகிறது. அதனால் இந்தப் பருவம் முழுக்க ஒரே வேலை. ஒவ்வொரு குழுவும் வீட்டில் உடைந்த ஒரு பொருளைக் கொண்டு வர வேண்டும். ஏன் உடைந்தது என்று கண்டுபிடித்து, படம் வரைந்து, கணக்குப் போட்டு, சரிசெய்து, பாரம் ஏற்றிக் காட்ட வேண்டும்.

வாளிக் கைப்பிடி, குடை, பெட்டியின் சக்கரம், சைக்கிள் கேரியர் எல்லாம் வந்தன. கூடவே சண்டையும் வந்தது. "என் தம்பிதான் மேடம் உடைச்சான்", "அப்பா ஏறி உட்கார்ந்தார் மேடம்" என்று ஒரே பஞ்சாயத்து. ஒரு விதி போட்டேன். இந்த வகுப்பில் 'யார்' என்ற சொல் கிடையாது. எது, எங்கே, எவ்வளவு என்று கேளுங்கள். 'யார்' என்று வாய் தவறிச் சொன்னவர் மணல் மூட்டைகளைப் பட்டறைக்குத் திரும்பத் தூக்கிப் போக வேண்டும்.

முதல் பெஞ்சில் ஒரு பெண் இருக்கிறாள். வகுப்பே அவளைச் சந்தேகம் என்றுதான் கூப்பிடும். அவள் எழுந்து, "நீங்க என்ன கொண்டு வந்தீங்க மேடம்?" என்றாள். எல்லாரும் மேஜையைத் தட்டினார்கள். மறுநாள் நம் புத்தகப் பலகையை எடுத்துக்கொண்டு போனேன். என் கைமேல் விழுந்த அதே பலகை.

அதற்காகத்தான் இந்தக் கடிதம். பலகையின் இரண்டு பிராக்கெட்டையும் சுவரில் பொருத்திய ஸ்க்ரூ எத்தனை அங்குலம்? விழுந்த அன்று எல்லாவற்றையும் நீங்களே கூட்டி அள்ளிவிட்டீர்கள். என்னிடம் ஒன்றுகூட இல்லை.

இன்னொன்று. அங்கேயே நிரந்தரமாக இருக்கச் சொல்லி உங்கள் கம்பெனி கேட்டதாகவும், மார்ச் முடிவதற்குள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க வேண்டும் என்றும் போன கடிதத்தில் ஒரே வரியில் எழுதியிருந்தீர்கள். போடுவதானால் சொல்லிவிடுங்கள். எனக்குக் கல்லூரி வளாகத்திலேயே ஓர் அறை தருவதாகச் சொல்கிறார்கள். ஒருத்திக்கு இந்த வீடு பெரிது.

இப்படிக்கு,
தங்கள் மனைவி
(ஆவணங்களின்படி)


ஜனவரி 17

அன்புள்ள டீச்சருக்கு,

நீ டீச்சர் இல்லை, விரிவுரையாளர் என்று இருபது வருஷமாகச் சொல்கிறாய். நானும் இருபது வருஷமாகக் கேட்கவில்லை. 'அன்புடையீர்' என்று பார்த்ததும் ஏதோ குடிநீர் இணைப்பைத் துண்டிக்கப் போகிறார்கள் என்று பயந்துவிட்டேன்.

ஸ்க்ரூ மூன்று அங்குலம்.

இங்கே வேலைக்குக் குறைவில்லை. நாற்பது மாடிக் கட்டடம், எட்டு லிஃப்ட். ஒவ்வொரு வாரமும் ஒவ்வொன்றின் கூரைமேல் ஏறி நின்று கயிறுகளைத் தடவிப் பார்க்க வேண்டும். உள்ளே போகிறவர்கள் கண்ணாடியில் தலை வாரிக்கொள்கிறார்கள். மேலே ஒருத்தன் நிற்பது அவர்களுக்குத் தெரியாது. அது நல்லதுதான். தெரிந்தால் படியில்தான் போவார்கள்.

அறை வசதியாகத்தான் இருக்கிறது. ஒரு கட்டில், ஒரு மேஜை. சுவரில் எதையும் மாட்டவில்லை.

உன் மணிக்கட்டு எப்படி இருக்கிறது? குளிரில் வலிக்கும் என்று டாக்டர் சொன்னார். வெந்நீர் வைத்துக்கொள். தண்ணீர் கேனை நீயே தூக்காதே.

கையெழுத்து விஷயம் யோசித்துக்கொண்டிருக்கிறேன். மார்ச்சுக்கு இன்னும் நாள் இருக்கிறது.

அன்புடன்,
லிஃப்டுக்காரன்


ஜனவரி 30

லிஃப்டுக்காரருக்கு,

கட்டடத் துறையின் பட்டறையில் பயிற்சிக்காகக் கட்டிய செங்கல் சுவர் ஒன்று சும்மா நின்றது. கெஞ்சிக் கேட்டு வாங்கினோம். நம் வீட்டுச் சுவரில் உள்ளதுபோல் முக்கால் அங்குலத்துக்குப் பூச்சுப் பூசி, காயவிட்டு, அதே பலகையை அதே பிராக்கெட்டில் மூன்று அங்குல ஸ்க்ரூ போட்டு மாட்டினோம். மணல் மூட்டை ஒன்று பத்து கிலோ. நம் புத்தகங்களை எடை போட்டேன். எண்பது கிலோ. எட்டு மூட்டை ஏற்றினோம், விழவில்லை. ஒன்பதாவதையும் வைத்தோம். அசையவே இல்லை. பத்தாவதுக்கு மணல் இல்லை.

முப்பது பேரும் என் முகத்தைப் பார்த்தார்கள். சந்தேகம் எழுந்தாள். "மேடம், இந்த ஸ்க்ரூவா இருந்தா உங்க வீட்டுப் பலகை விழுந்திருக்கவே முடியாது. யார் சொன்னாங்க மூணு அங்குலம்னு?" என்றாள். 'யார்' என்று சொல்லிவிட்டாள். ஒன்பது மூட்டையையும் தூக்கினாள், பாவம். கடைசி மூட்டைக்கு நானும் ஒரு முனையைப் பிடித்தேன், இடது கையால். நீங்கள் சொன்னதை மறக்கவில்லை.

அவளைப் பற்றி எழுதியே ஆக வேண்டும். கயிற்றுப் பாடம் நடத்திய அன்று, வகுப்பிலேயே தாட்டியான இரண்டு பேரைக் கூப்பிட்டு ஒரு கயிற்றை இரு பக்கமும் விறைப்பாக இழுத்துப் பிடிக்கச் சொன்னேன். நடுவில் இவளை நிறுத்தி ஒரே விரலால் கீழே அழுத்தச் சொன்னேன். தாட்டியான இரண்டும் ஆளுக்கொரு அடி முன்னால் வந்து தடுமாறின. விரலைப் பார்த்தாள், அவர்களைப் பார்த்தாள், மறுபடி அழுத்தினாள். மறுபடியும் வந்தார்கள். கயிறு எவ்வளவு நேராக இருக்கிறதோ அவ்வளவுக்கு அதன் இழுப்பு ஏறும் என்று இருபது வருஷமாகக் கரும்பலகையில் எழுதியிருக்கிறேன். ஒருத்தர் முகத்திலும் அந்தச் சந்தோஷத்தைப் பார்த்ததில்லை.

துறைத் தலைவருக்கு இதெல்லாம் பிடிக்கவில்லை. "இது காலேஜா, சைட்டா?" என்கிறார். பாடத்திட்டம் பாதியில் நிற்கிறதாம். இந்தப் பருவத்தோடு மூட்டை கட்டிவிடச் சொல்வார் போலிருக்கிறது. நான் ஏற்கெனவே மூட்டைதான் கட்டிக்கொண்டிருக்கிறேன் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது, அடக்கிக்கொண்டேன்.

உங்களிடம் விதிப்படியே கேட்கிறேன். எத்தனை அங்குலம்?

இப்படிக்கு,
டீச்சர்


பிப்ரவரி 9

அன்புள்ள டீச்சருக்கு,

ஓர் அங்குலம்.

உன்னிடம் பொய் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். சுவரிடமும் மணலிடமும் சொல்ல முடியாது என்பது தோன்றவில்லை. என் வேலையில் இருக்கிறவன் இதை யோசிக்காமல் விட்டது எனக்கே வெட்கமாக இருக்கிறது.

நடந்ததை எழுதிவிடுகிறேன். பலகை மாட்டிய அன்று வீட்டில் பெரிய ஸ்க்ரூ இல்லை. கடை பூட்டியிருந்தது. நீ புத்தகங்களைத் துடைத்து வரிசையாகத் தரையில் அடுக்கி வைத்துவிட்டு, "ஆச்சா? ஆச்சா?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாய். உன் முகத்தைப் பார்த்து நாளைக்கு என்று சொல்ல மனசு வரவில்லை. இருந்த ஓர் அங்குலத்தைப் போட்டு மாட்டிவிட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாற்றிவிடலாம் என்று நினைத்தேன். மூன்று வருஷத்தில் எத்தனை ஞாயிறு வந்தது என்று நீயே கணக்குப் போட்டுக்கொள்.

பலகை விழுந்த அன்று கையைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்திருந்தாய். நான் கிட்டே வந்தேன். "நீங்க செஞ்சது எதுதான் நின்னிருக்கு?" என்று கேட்டாய். நீ மறந்திருப்பாய். வலியில் கேட்டதுதான். ஆனால் தினமும் ஆயிரம் பேரைத் தொங்கவிட்டுத் தூக்குகிறவனிடம் கேட்கிற கேள்வியா அது? பதில் தெரியாமல்தான் ஆறு வாரம் பேசாமல் இருந்தேன். உனக்குத் தலை பின்னிவிடும்போதெல்லாம் சொல்லிவிடலாம் என்று வரும். பின்னல் கோணிப் போகும். அவிழ்த்து மறுபடி போடுவேன். நீ உன் கையாலேயே பின்னிக்கொள்ள ஆரம்பித்த வாரம் இங்கே வர எழுதிக் கொடுத்தேன்.

அறிக்கையை முடித்துவிடு. உன் விதியை மீறி நானே எழுதித் தருகிறேன். யார்? நான். சந்தேகத்துக்கு முழு மதிப்பெண் போடு.

அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டுவிடலாம் என்றுதான் இப்போது தோன்றுகிறது. வளாகத்து அறைக்கு எழுதிக் கொடுத்துவிடு. அங்கே சுவர் நன்றாக இருக்கும்.

லிஃப்டுக்காரன்


பிப்ரவரி 20

அன்புள்ள லிஃப்டுக்காரருக்கு,

உங்கள் கடிதத்தைக் கல்லூரிப் பேருந்தில் படித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. ஓட்டுநர் கடைசி நிறுத்தத்தில் வந்து, "என்ன மேடம், இன்னைக்கு லீவா?" என்று கேட்டார்.

மறந்திருப்பாய் என்று எழுதியிருக்கிறீர்கள். மறக்கவில்லை. அந்தக் கேள்வி என் வாயிலிருந்து வந்த நிமிடத்திலிருந்து அது எனக்கும் கேட்டுக்கொண்டேதான் இருக்கிறது. ஏன் அப்படிக் கத்தினேன் தெரியுமா? அன்றைக்கு மதியம் பதினோரு கட்டு விடைத்தாளைப் பலகையின் முன் விளிம்பில் நான்தான் தூக்கி வைத்தேன். ஒரு கையால் இன்னொரு கட்டை ஏற்றும்போதுதான் விழுந்தது. விளிம்பில் பாரம் வைக்கக் கூடாது என்று சொல்லிக் கொடுப்பதுதான் என் பிழைப்பு. குற்றம் என்னுடையது என்று அந்த நொடியே தெரிந்துவிட்டது, அதனால்தான் உங்கள்மேல் பாய்ந்தேன். என்னை மன்னியுங்கள். இதைப் போன வருஷமே சொல்லியிருக்க வேண்டும்.

ஆனால் கேளுங்கள். அறிக்கை முடியவில்லை.

ஓர் அங்குல ஸ்க்ரூவைப் போட்டுப் பார்த்தோம். மூன்றாவது மூட்டை வைத்ததுமே பலகை சுவரைப் பிய்த்துக்கொண்டு வந்துவிட்டது. பிள்ளைகள் கை தட்டினார்கள், காரணம் கிடைத்துவிட்டதாம். நானும் அப்பாடா என்று கரும்பலகை பக்கம் திரும்பினேன். சந்தேகம் உட்காரவில்லை.

"மேடம், மூணு மூட்டையிலயே விழுந்துடுச்சு. உங்க வீட்டுல எட்டு மூட்டை பாரம். மூணு வருஷம் எப்படி நின்னுச்சு?"

அவள் பலகையைத் தூக்கித் திருப்பிப் போட்டாள். அடிப்பக்கம், இடது ஓரத்தில், ஒரு சாண் நீளத்துக்குப் பச்சைப் பெயிண்ட் உரசி ஒட்டியிருந்தது.

"இது எங்கிருந்து வந்துச்சு மேடம்?"

நாங்கள் வரைகிற படத்துக்கு ஒரு முறை உண்டு. ஒரு பொருளை அதைத் தொட்டுக்கொண்டிருக்கும் எல்லாவற்றிலிருந்தும் பிரித்துத் தனியாக வரைய வேண்டும். எதை எல்லாம் பிரித்தோமோ, அந்தந்த இடத்தில் அது கொடுத்த விசைக்கு ஓர் அம்புக்குறி போட வேண்டும். ஒன்றை விட்டாலும் கணக்கு தப்பு. பருவத்தின் முதல் நாளே கரும்பலகையில் நான் எழுதியது இது. நம் பலகைக்கு நானே வரைந்த படத்தில் புத்தகம் இருந்தது, ஸ்க்ரூ இருந்தது, சுவர் இருந்தது. ஓர் அம்புக்குறி குறைந்தது.

"அந்தப் பக்கம் ஒரு பீரோ இருந்தது" என்றேன். "பச்சை பீரோ. பலகையோட ஓரம் அது தலைமேல உட்கார்ந்திருந்திருக்கு."

"இப்ப எங்க மேடம் அது?"

"பக்கத்து ரூம்ல."

"எப்ப நகர்த்தினீங்க?"

"விழுந்ததுக்கு ரெண்டு நாள் முன்னாடி."

"ஏன் மேடம்?"

ஏன் என்ற சொல்லுக்கு நான் தடை போடவில்லை. போட்டிருக்கலாம். மணி அடித்துவிட்டது என்றேன். அடிக்கவில்லை. பிள்ளைகள் நல்லவர்கள், எழுந்து போய்விட்டார்கள்.

மறுநாள் பீரோ உயரத்துக்கு ஒரு மேஜையின்மேல் பெட்டியை ஏற்றி இடது ஓரத்துக்கு முட்டுக் கொடுத்தோம். நம் கனமான புத்தகங்கள் எல்லாம் இடப்பக்கம், சுவரை ஒட்டித்தானே இருந்தன, மூட்டைகளையும் அப்படியே அடுக்கினோம். ஓர் அங்குல ஸ்க்ரூ, எட்டு மூட்டை. நின்றது. பிறகு அந்த முட்டு மேஜையை மெதுவாக உருவினோம். மூட்டைகள் முன்புபோல் நடுவில் இல்லாமல் சுவரை ஒட்டி இருந்ததாலோ என்னவோ, உடனே விழவில்லை. அப்படியே நின்றது. துறைத் தலைவர் திட்ட வந்தவர் வாசலிலேயே நின்றுவிட்டார். பதினேழு நிமிடம். பூச்சிலிருந்து பொடி உதிர்ந்தது, அப்புறம் விழுந்தது. துறைத் தலைவர் எதற்கு வந்தோம் என்பதையே மறந்து, "அந்த மேஜைய எடுக்காம இருந்திருந்தா நின்னிருக்கும்ல?" என்று என்னிடமே கேட்டார்.

ஆமாம் சார் என்றேன்.

உங்கள் ஸ்க்ரூவும் இல்லை, என் விடைத்தாளும் இல்லை என்று நான் சொல்ல வரவில்லை. இரண்டும்தான். ஆனால் அந்த இரண்டையும் மூன்று வருஷம் பொறுத்துக்கொண்டு ஒன்று நின்றிருக்கிறது. அதை நாம் எண்ணவே இல்லை. ஏன் எண்ணவில்லை என்று யோசித்துப் பார்த்தேன். பீரோவை நகர்த்திய அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி நாம் இருவரும் அதற்குப் பிறகு ஒரு தடவைகூடப் பேசவில்லை.

அவசரப்பட்டுக் கையெழுத்துப் போடாதீர்கள்.

அன்புடன்,
டீச்சர்


மார்ச் 3

அன்புள்ள டீச்சருக்கு,

கடிதம் வந்து நான்கு நாள் ஆகிறது. முதல் மூன்று நாள் படித்தேன்.

அந்தப் பெண் சொல்வது சரி. பலகை மாட்டிய அன்று மட்டம் பார்க்க என்னிடம் ரசமட்டம் இல்லை. பீரோவின் தலையையே மட்டமாக வைத்துக்கொண்டு, பலகையை அதன்மேல் படுக்கவைத்துத்தான் துளைக்குக் குறி போட்டேன். வேலை முடிந்ததும் அது அங்கேயே உட்கார்ந்துவிட்டது. லிஃப்டில் ஆறு கயிறு போடுகிறோம். எல்லாக் கயிறும் பாரத்தை எடுக்கிறதா என்று விரல் வைத்துப் பார்ப்பதுதான் எனக்குச் சம்பளம். வீட்டில் எது பாரத்தை எடுக்கிறது என்று பார்க்கவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமையைப் பற்றி எழுதச் சொல்லி நீ கேட்கவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

நான் நாலரைக்கு எழ வேண்டும், நீ விளக்கு போட்டுத் தாள் திருத்த வேண்டும். அதுதானே சண்டை? ஒரு துணியை விளக்குக்கு மேல் போட்டால் தீர்ந்திருக்கும். நான் வீம்புக்கு, "அப்ப நான் அந்த ரூமுக்கே போயிடுறேன், என் பீரோவையும் எடுத்துக்கிறேன்" என்றேன். பீரோவை ஒருத்தனாக நகர்த்த முடியாது என்று எனக்குத் தெரியும். அதனால்தான் பீரோ என்று சொன்னேன். வேண்டாம் என்று நீ சொல்வாய் என்று நினைத்தேன்.

நீ எழுந்து வந்தாய். புடவையை இழுத்துச் செருகிக்கொண்டாய். மறுபக்கம் பிடித்தாய். "ஒண்ணு, ரெண்டு, மூணு" என்று நீதான் எண்ணினாய்.

வாசற்படி தாண்டும்போது ஒரு தடவை நிறுத்தினேன், உனக்கு ஞாபகம் இருக்கிறதா? கை வலிக்கிறது என்றேன். வலிக்கவில்லை.

இதற்குமேல் எழுதத் தெரியவில்லை.

லிஃப்டுக்காரன்


மார்ச் 14

என்னங்க,

கூப்பிடுவதுபோலவே எழுதிவிட்டேன். 'அன்புள்ள' என்று ஆரம்பித்தால் அடுத்த வரி வரவில்லை.

ஞாபகம் இருக்கிறது. வாசற்படியில் நீங்கள் நிறுத்தியபோது, இப்போதாவது "போதும், உள்ளேயே தள்ளு" என்று சொல்வீர்கள் என்று நான் காத்திருந்தேன். நீங்கள் கையை உதறிக்கொண்டீர்கள். சரி, இவருக்குப் போகத்தான் ஆசை என்று முடிவு கட்டிவிட்டேன். நான் ஏன் மறுபக்கம் பிடித்தேன் என்று கேட்டால், தனியாக இழுத்து முதுகைப் பிடித்துக்கொள்வீர்களே என்றுதான். அதுகூடச் சொல்லவில்லை பாருங்கள். இரண்டு பேரும் வேண்டாம் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டே அந்தக் கனத்தைத் தூக்கிக்கொண்டு போய் அடுத்த அறையில் வைத்திருக்கிறோம். பிள்ளைகளுக்கு இதைச் சொன்னால் எந்தக் கணக்கில் சேர்ப்பார்கள்?

ஆறு வாரம் தலை பின்னிவிட்டீர்களே, பின்னல் கோணி அவிழ்த்துப் போட்ட நாட்களில் எல்லாம் நான் வேண்டுமென்றே தலையை ஆட்டியிருக்கிறேன். இன்னும் கொஞ்ச நேரம் ஆகட்டும் என்று. இதையும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

அறிக்கை முடிந்தது. துறைத் தலைவர் தானே படித்துப் பார்த்துவிட்டு, அடுத்த பருவத்துக்கும் அந்தச் சுவரை இடிக்க வேண்டாம் என்று கட்டடத் துறைக்கு எழுதியிருக்கிறார். பாடத்திட்டத்தைப் பற்றி இப்போது பேச்சில்லை. அவர் வீட்டில் ஏதோ ஊஞ்சல் கழன்றதாம், கொண்டு வரட்டுமா என்று கேட்கிறார்.

சந்தேகத்தின் குழு நான்கு பக்கம் எழுதியிருக்கிறது. முதல் பக்கத்தில் படம். புத்தகத்துக்கு ஓர் அம்பு, ஸ்க்ரூவுக்கு அம்பு, பீரோவுக்கு மேல்நோக்கி ஓர் அம்பு, பச்சைப் பென்சிலில். கடைசிப் பக்கத்தில் பரிந்துரை. மூன்று அங்குல ஸ்க்ரூ போட வேண்டும், விடைத்தாளைச் சுவரோரம் வைக்க வேண்டும், அப்படிச் செய்தால் பீரோ தேவையில்லை என்று எழுதியிருக்கிறார்கள். நானும் மூன்று முறை போட்டுப் பார்த்தேன். கணக்கு சரி. முழு மதிப்பெண் கொடுத்தேன்.

மூன்று அங்குல ஸ்க்ரூ ஒரு பெட்டி வாங்கி வைத்திருக்கிறேன். பலகையும் கல்லூரியிலிருந்து வந்துவிட்டது, சுவரோரம் சாய்த்து வைத்திருக்கிறேன். பிள்ளைகள் வந்து மாட்டித் தருகிறோம், பீரோவையும் இந்த அறைக்கு நகர்த்தித் தருகிறோம் என்று நான்கு பேர் வாசலில் வந்து நின்றார்கள். பலகையை வேண்டுமானால் மாட்டுங்கள், பீரோவைத் தொட வேண்டாம் என்றேன். பிறகு பலகையையும் வேண்டாம் என்றுவிட்டேன். காபி குடித்துவிட்டுப் போனார்கள்.

கணக்குப்படி பீரோ தேவையில்லைதான். நான் தனியாக இருந்துவிடுவேன், வளாகத்து அறையிலும் இருந்துவிடுவேன், பிழைத்துக்கொள்வேன். நீங்களும் அப்படித்தான். இருந்தாலும் அது இந்த அறையில் இருக்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. தாங்குவதற்காக இல்லை. இருக்கட்டும் என்றுதான்.

அன்றைக்குச் சொல்லாததை இன்றைக்கு எழுதுகிறேன். போக வேண்டாம்.

உங்கள்,
டீச்சர்


மார்ச் 22

டீச்சருக்கு,

தாளைக் கையெழுத்து இல்லாமல் திருப்பிக் கொடுத்துவிட்டேன். பழைய கிளையிலேயே இடம் இருக்கிறதாம். மேலதிகாரி காரணம் கேட்டார். வீட்டில் ஒரு சாமானை நகர்த்த வேண்டும், ஒருத்தரால் முடியாது என்றேன். இரண்டு நாள் லீவு போதுமே என்றார். போதாது சார் என்றேன்.

விளக்குக்குமேல் போட ஒரு துணி எடுத்து வைத்திருக்கிறேன். நாலரைக்கு நான் இருட்டிலேயே சட்டை போட்டுக்கொள்வேன். பித்தான் மாறிப் போனால் நீதான் சொல்ல வேண்டும்.

சனிக்கிழமை காலை வருகிறேன். அதுவரைக்கும் பீரோவைத் தள்ளிப் பார்க்காதே, உன் மணிக்கட்டுக்கு ஆகாது. இந்தத் தடவை எண்ணுவது நான்.

சந்தேகத்தின் கடைசிக் கேள்விக்கு நீ இன்னும் பதில் சொல்லவில்லை அல்லவா? பீரோ ஏன் அடுத்த அறைக்குப் போனது என்று வீட்டுக்காரர்கள் இரண்டு பேருக்குமே சரியாகத் தெரியவில்லை, ஆனால் சனிக்கிழமை திரும்பி வருகிறது என்று அவளிடம் சொல்லிவிடு.

உன்,
லிஃப்டுக்காரன்